பட்டியலில் ஒரு வெற்றிடம்

"உயிரோடை இருக்கிற ஒருத்தரும் வேண்டாம் எண்டு முடிவெடுத்திட்டன், மாஸ்டர்" என்றார் எனக்கு முன்னால் இருந்த பெரியவர். பஸ் கோப்பாயைத் தாண்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த வாத்தியார் திடுக்கிட்டார். "என்னண்ணை சொல்லுறியள்?"

பெரியவர் மடியிலிருந்த தாளைத் தட்டினார். ஏதோ ஒரு சகோதர சங்கத்தின் காரியதரிசி அவர். சங்க மலருக்காகப் பிரபல அங்கத்தவர்களின் பட்டியலைத் தயாரித்திருந்தார்.

"பேர், ஊர், உத்தியோகம் மட்டும் எழுதித் தாங்கோ எண்டுதான் கேட்டனான். ஒருத்தர் தன்ரை உத்தியோகத்தை விட்டிட்டு மருமகன் டாக்குத்தர் எண்டு எழுதியிருக்கிறார். இன்னொருத்தர் மலாயாவிலை வேலை செய்து எடுக்கிற பென்சனோடை புகையிலைத் தோட்டத்தையும் சேர்த்திருக்கிறார். ஆரை முதல் போட்டாலும் மற்றவர் கோவிக்கிறார்."

"பிறகு?"

"செத்த ஆக்களை மட்டும் போடுறதெண்டு சட்டம் வைச்சன். பதினொரு பேர், எல்லாருக்கும் ஒரே மாதிரி மூண்டு வரி. ஒருத்தரும் சண்டைக்கு வரேல்லை. ராத்திரித்தான் நிம்மதியாய் நித்திரை கொண்டன்."

வாத்தியாரும் பெருமூச்சு விட்டார். "அப்பாடா! ஆனால் எங்கடை சங்கத் தலைவர் தன்ரை பேர் எங்கை எண்டு கேட்பாரே?"

"கேட்டவர். கடைசியிலை உங்களுக்கு இடம் விட்டிருக்கு, அவசரமில்லை, ஆறுதலாய் வாங்கோ எண்டனான்."