இனிக்கும் வாசனைக்குள் இருந்த நஞ்சு

இராசகிரி மலை நம் முதுகுக்குப் பின்னால் காவல் நிற்க, இந்தப் பால் உற்பத்தியாளர் மகளிர் விழாவுக்குத் தலைமை தாங்கும் அம்மையார் சாமுண்டீஸ்வரி அவர்களே, மேல்சித்தாமூரிலிருந்தும் மேல்மலையனூரிலிருந்தும் பால் கறந்து ஊற்றிய கையோடு பஸ் ஏறி வந்திருக்கும் என் தாய்மார்களே, ஆன்றோர்களே, வேதியியல் ஆசிரியை பேசப் போகிறாள் என்றதும் டீக்கடைப் பக்கம் பார்வையைத் திருப்பும் தம்பிமார்களே, உங்கள் எல்லோருக்கும் இந்த மணிமொழியின் கைகூப்பு.

பாடம் நடத்த வரவில்லை. தளவானூர்ப் பக்கம் ஒரு பசுவின் உயிர் ஊசலாடிய கதையைச் சொல்ல வந்தேன்.

ரஞ்சனியைத் தெரியும்தானே? முன்வரிசையில்தான் இருக்கிறார். அவருடைய கணவர் பட்டாளத்தில் பஞ்சாபில் இருந்தவர். விடுப்பில் வந்தபோது ஒரு தீவன விதை கொண்டுவந்தார். மஞ்சள் பூப் பூக்கும், மணக்கும், மாடு மயங்கித் தின்னும் செடி. பேர் இன்னா என்று அங்கே ஓர் அம்மா கேட்கிறார். சொன்னால் நம்பமாட்டீர்கள். வடக்கே அதற்குப் பெயர் செஞ்சி. ஆமாம், நம் ஊர்ப் பெயரேதான்.

கார்த்திகையில் ரஞ்சனி அதை விதைத்தார். தழைத்தது, தளதளத்தது. அறுத்துப் போர் போட்டார். சரியாகக் காயும் முன்னே தை மாதத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபின் அந்தத் தீவனத்தையே சில வாரம் மாட்டுக்குப் போட்டார்.

பிறகு ஒரு நாள் பசுவின் காதில் அடையாள வில்லை குத்தினார்கள். ஊசி முனையளவு ஓட்டை. அதிலிருந்து வழிந்த இரத்தம் நிற்கவில்லை. மஞ்சள் அப்பினார்கள், துணி கட்டினார்கள். துணி நனைந்தது, தரை நனைந்தது, மாடு கால் மடங்கிப் படுத்தது.

ரஞ்சனியின் மாமனார் அரிகிருஷ்ணன் கொதித்தார். பக்கத்து நிலத்துச் சாந்த் பாஷாவோடு அவருக்கு வரப்புத் தகராறு. தெருவில் நின்று கத்தினார்: "பாய்தான் என்னமோ வச்சிட்டாரு. நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

அது சாந்த் பாஷாவின் காதில் விழுந்தது. தலை குனிந்து வீட்டுக்குள் போய்விட்டார். எத்தனை வருடப் பழக்கம், எத்தனை வருட நம்பிக்கை, ஒரு வார்த்தையில் சாய்ந்தது பாருங்கள்.

"டாக்டரம்மா வரட்டும் மாமா. அப்புறம் போலாம்" என்றார் ரஞ்சனி. ஆனால் அவர் மனத்திலும் சந்தேகம் முளைத்துவிட்டது.

கால்நடை மருத்துவர் எழில் வந்தார். மாட்டைப் பார்த்தார், நேராகப் போருக்குப் போனார். மேலே நல்ல மணம். உள்ளே கையை விட்டார். வெதுவெதுப்பு, வெள்ளைப் பூசணம்.

"இதான் காரணம். யாரும் எதுவும் வைக்கல. இப்பவே ரத்தம் ஏத்தணும். பெரிய மாடு யார்கிட்ட இருக்குது?"

எல்லோருக்கும் தெரியும். ஊரிலேயே பெரிய காளை சாந்த் பாஷா தொழுவத்தில்தான் நின்றது.

ரஞ்சனி ஓடினார். "பாய், மாமா பேசினது தப்பு. நானும் கொஞ்சம் நம்பிட்டேன். உங்க காளையோட ரத்தம் வேணும்."

"பேச்சு அப்புறம் இருக்கட்டும்மா. நான் கயிறை அவுக்குறேன், நீ முன்னால போ."

காளையின் கழுத்திலிருந்து பசுவின் கழுத்துக்கு இரத்தம் இறங்கியது. கூடவே வைட்டமின் கே ஊசியும் போட்டார் எழில். அந்தச் செடிக்கு மணம் தருவது கூமரின் என்ற பொருள், அது குற்றமற்றது என்று விளக்கினார். ஈரத்தில் பூசணம் பிடித்தால் அதுவே உருமாறி, இரத்தத்தை உறையவிடாத நஞ்சாகிவிடுகிறது.

சாந்த் பாஷா நிமிர்ந்தார். "ரத்தம் உறையக் கூடாதுன்னு ஹார்ட்டுக்கு நான் தினமும் ஒரு மாத்திரை போடுறனே, டாக்டரம்மா?"

"அந்த மாத்திரையும் இதுவும் ஒரே குடும்பம் பாய். அளந்து குடுத்தா மருந்து."

அரிகிருஷ்ணன் முன்னால் வந்தார். காளையின் கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, சாந்த் பாஷாவை உட்காரச் சொன்னார். பொழுது சாயும்போது இரத்தம் நின்றது. மறுநாள் பசு எழுந்து தண்ணீர் குடித்தது. கைதட்டுங்கள் தாய்மார்களே, அந்தக் காளைக்கும் சேர்த்துத் தட்டுங்கள்.

செடியைத் துரத்திவிட்டாரா ரஞ்சனி? இல்லை. அடுத்த கார்த்திகையில் இரண்டு நிலத்திலும் விதைத்தார்கள். பச்சையாக அளவோடு மாட்டுக்குப் போட்டார்கள், மீதியைப் பூவோடு மடக்கி உழுதார்கள். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. மூட்டை யூரியா செய்யும் வேலையில் ஒரு பங்கை ஒரு செடி செய்கிறது. அடுத்துப் போட்ட மணிலாக்கொட்டை, புத்தகத்தில் வேர்க்கடலை என்கிறோமே அதுதான், கருகருவென்று வளர்ந்ததை நானே போய்ப் பார்த்தேன்.

ஆகவே தாய்மார்களே, மணக்கிறதே என்று நம்பாதீர்கள், உள்ளே கைவிட்டுப் பாருங்கள். பூசணம் கண்டால் கொட்டிவிடுங்கள். மாடு சுருண்டால் மருத்துவரை அழையுங்கள். போரைப் பிரித்துப் பார்க்கும் முன்னே பக்கத்து வீட்டாரைப் பிரித்துவிடாதீர்கள்.

மாலைக் கறவைக்கு நேரமாகியும் எழாமல் கேட்ட உங்கள் பொறுமைக்கு என் நன்றி. தொழுவம் நிறையட்டும், போய் வாருங்கள், வணக்கம்.