எங்க பக்கம் யாரும் வெளுப்பில்ல

"...கான்வென்டுல என்னத்தப் படிச்சாளோ! வெள்ளைக்கார மதரு மூஞ்சியவே பத்து வருசமாப் பாத்துக்கிட்டு இருந்துருக்கா. பிள்ளை பெறகு எப்படிப் பெறக்கும்? நீயே சொல்லுத்தா!"

போடியில் மதுரை பஸ் கிளம்பியதிலிருந்து கஸ்தூரியம்மாள் வாய் ஓயவில்லை. மடியில் கோழிக்கூடையோடு பக்கத்தில் மாட்டிக்கொண்டவள் பாவம், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தாள். சன்னலோரத்தில் பூமாரி, பிள்ளையின் கண்ணில் வெயில் விழாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாசம். பால் நிறம், மயிரும் வெளுப்பு. கருவிழி ஓரிடத்தில் நிற்காமல் ஊசலாடும். அதற்காகத்தான் அவளையும் பிள்ளையையும் ஆண்டிபட்டியில் தாய்வீட்டில் விட்டுவர நாத்தனார் கஸ்தூரியம்மாள் புறப்பட்டிருந்தாள். திரும்ப எப்போது என்று புருசன்கூடச் சொல்லவில்லை.

"தேனி டாக்டரம்மா கேட்டாக, வம்சத்துல வேற யாருக்கும் இப்படி உண்டான்னு. நான் விடுவேனா? ஒருத்தருக்கும் இல்லன்னுட்டேன்! எங்க கருத்தக்கண்ணன் சித்தப்பாவைக் கணக்குல சேக்கக் கூடாதுல்ல... அவரு சின்னதுல சுண்ணாம்புக் காளவாசல்லயே கெடந்து வெளுத்தவரு. பகல்ல கண்ணு கூசும். ஒருக்கா தலைவருன்னு நெனச்சுக் கழுதைக்கு வணக்கம் வச்சுட்டாரு! பெறகுதான் ராக்காவலுக்கு மலைக்கு அனுப்பிவச்சோம். மலைச்சாமியும் கணக்குல வரமாட்டான், எங்க பெரியப்பா மகன். பள்ளிக்கூடத்துல அமெரிக்கா பால்பவுடரு குடுத்தாகல்ல, வெறும் வாயில அள்ளி அள்ளித் தின்னான். வெளுக்காம? போர்டுல மூக்கு ஒட்டுனாத்தான் அவனுக்கு எழுத்தே தெரியும்..."

பூமாரி சட்டெனத் திரும்பினாள். வாக்கப்பட்டு மூன்று வருசம். இந்தப் பேர்களைத் தாய்வீட்டில்கூட யாரும் அவள் காதில் போட்டதில்லை.

"அப்ப இவ பக்கத்துக் கோளாறுதான? வெளியில பொண்ணு எடுக்கவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னு தம்பிக்குக் கட்டிவச்சேன், எனக்கு வேணும்! இவ ஆத்தா யாருங்கிற? எங்கய்யா கூடப்பெறந்த தங்கச்சில்ல!"

கோழிக்காரி கஸ்தூரியம்மாளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். கண்டமனூர் விலக்கு வந்ததும் கூடையோடு இறங்கிவிட்டாள்.

"பாரேன், பேசிக்கிட்டு இருக்கும்போதே எறங்கிப் போறா..."

"ஆண்டிபட்டியெல்லாம் எறங்கு!" என்றார் கண்டக்டர்.

பூமாரி எழவில்லை. முடிந்து வைத்திருந்த ரூபாயை அவிழ்த்துக் கண்டக்டரிடம் நீட்டினாள். "மதுரைக்கு ரெண்டு. கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும்."

"கைப்பிள்ளைக்கு எதுக்குடி டிக்கெட்டு, கிறுக்கி!"

"உங்களுக்கு மதினி. இப்பச் சொன்னதெல்லாம் அங்கன டாக்டர்கிட்ட ஒண்ணுவிடாமச் சொல்லணும்."

கஸ்தூரியம்மாள் சற்று யோசித்தாள். பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அம்புட்டு நேரம் குடுப்பாகளா? எங்க பெரியத்தையப் பத்தி இன்னும் நான் வாயே தொறக்கலையே!"