பிசின் பிடிக்காத இழை

எனக்கு உயரம் என்றாலே தலை சுற்றும். ஏணித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தும் நாலாவது படிக்கு மேல் ஏறியதில்லை. என் வேலை சோதனை அறையில், தரையில்தான்.

எங்கள் ஏணி கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது. இரண்டும் தாமாக ஒட்டாது. இழையை முதலில் ஒரு கரைசலில் முக்கி எடுத்தால்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிடிப்பு சரியில்லையென்றால் இடுக்கில் ஈரம் புகுந்து மெல்ல மெல்லப் பிரித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆறு வருடம் பாடுபட்டு நான் ஒரு புதுக் கரைசல் கண்டுபிடித்தேன். மூன்று நாள் கொதிநீரில் கிடந்த துண்டுகூடப் பிடிப்பை விடவில்லை. மேனேஜர் என் அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“இதுவரைக்கும் ஒரு ஏணியாவது ஒடஞ்சு திரும்பி வந்திருக்காம்மா? அப்புறம் எதுக்கு இந்த வேண்டாத வேலை?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது; உடைந்து வந்த ஏணி ஒன்றுகூட இல்லை. மாதிரி ஏணி செய்ய எனக்கு அனுமதி உண்டு. எந்தக் கரைசலும் தொடாத இழையில் செய்து, தெருவிளக்கு பழுது பார்ப்பவர்களுக்குப் போகும் ஏணிகளோடு சேர்த்துவிட்டேன். அவர்கள் ஏணி வருடம் முழுக்க வெட்டவெளியில் நனையும்.

அந்த ஏணிகளை எடுத்துப்போக வந்த தெருவிளக்குக்காரனை எல்லோரும் ஒட்டகம் என்பார்கள். கலகலப்பானவன்.

“அக்கா, என்னைத் தாங்குமா? குண்டாயிட்டேன்னு வீட்டுல ஒரே கிண்டல்.”

“தாராளமா தாங்கும்ப்பா,” என்றேன். பொய்யில்லை. காய்ந்திருக்கும்வரை தாங்கும்.

இரண்டாவது மழைக்காலத்தில் ஏணி உடைந்து ஒட்டகம் விழுந்தான். முதுகெலும்பு. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனான். நானும் துக்கம் கேட்கப் போனேன். “புது ஏணி, பயமே இல்லன்னு சொல்லிட்டிருந்தாரு அக்கா,” என்று அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் விடவில்லை.

உடைந்த துண்டு என் மேசைக்கு வந்தது. இழைகள் அலசிய தலைமுடி மாதிரி தனித்தனியாக, ஒரு பொட்டுப் பிசின்கூட இல்லாமல் நீட்டிக்கொண்டிருந்தன. நான் அறிக்கையில் எழுதிக் கொடுத்தபடியே. மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. அன்றே என் கரைசலுக்குக் கையெழுத்துப் போட்டார். இனி எத்தனை பேர் விழாமல் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

ஆமாம், மூன்று செய்தேன். ஒன்று மட்டும் உடைந்தால் தற்செயல் என்று சொல்லிவிடுவார்கள். மற்ற இரண்டும் எந்தத் தெருவில் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கட்டாயம் சொல்கிறேன். மழைக்காலம் முடிய இன்னும் மூன்று வாரம்தானே. நடுவில் எடுத்துவிட்டால் சோதனை வீணாகிவிடும்.