ஸ்பாஞ்சு ரெண்டு, கயிறு ஒண்ணு

இல்லம்மா, எனக்கு ஒண்ணும் ஆகல. டீ வேணாம். நீ உக்காரு. உன் வீட்டுக்காரருக்குக் கால் எலும்புதான் உடைஞ்சிருக்கு, உயிருக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. கூடப் பொறந்தவன் உங்கிட்ட பொய் சொல்வேனா?

நானும் மாப்ளயும் பிளேன்ல கிளம்பிப் பத்து நிமிஷம்கூட இருக்காது. இஞ்சின் சூடு ஏறிக்கிட்டே போகுது. திணறுது, இருமுது, அப்புறம் சத்தமே குறைஞ்சு போச்சு. ரெண்டு பேர் உக்கார்ற பிளேன், நமக்கும் ஆகாசத்துக்கும் நடுவுல ஒரு தகரம்தான். இருபது வருஷமா பிளேன் ரிப்பேர் பாக்குறவன், கண்ண மூடிக்கிட்டு அம்மா அம்மான்னு கத்துறேன். மாப்ள? அறுவடை முடிஞ்ச வயல் ஒண்ணப் பாத்தாரு, இறக்கிட்டாரு. வரப்புல இடிச்சதுல அவரு பக்கம் நசுங்கிடுச்சு. எனக்குக் கீறல்கூட இல்ல பாரு.

ஆமா, கீழ உக்காந்திருக்கறவரு விசாரிக்க வந்த அதிகாரிதான். பிளேன் மூக்குல ஸ்பாஞ்சு அப்படியே இருந்துச்சாம், அதப் பாக்காம பைலட் பிளேன ஏன் எடுத்தாருங்கறாரு. மாப்ளயோட லைசென்ஸ் போயிடுமாம். அட, அழாத. கேளு.

மூக்குல ரெண்டு ஓட்டை இருக்கும், இஞ்சின் சூடு ஆறக் காத்து போக. நிறுத்தி வைக்கிறப்ப குருவி கூடு கட்டிடும்னு ஸ்பாஞ்சு வச்சு அடைப்போம். ரெண்டையும் ஒரே கயித்துல கோத்திருக்கும். ஒண்ண உருவினா இன்னொண்ணும் கூடவே வந்துடும். இப்ப கயிறு இல்ல. ஒண்ண உருவினேன், போன் வந்துச்சு, பேசிக்கிட்டே நின்னுட்டேன். மாப்ள சுத்திப் பாக்கத்தான் வந்தாரு. எல்லாம் எடுத்தாச்சு, ஏறுங்கன்னு நான்தான் சொன்னேன். மச்சான் சொன்னா சரியா இருக்கும்னு ஏறிட்டாரு மனுஷன்.

கயிறா? போன வாரம் உன் பால்கனியில துணி காயப் போடுற கொடி அறுந்து போச்சுல்ல. சிவப்பா, கெட்டியா ஒண்ணு கட்டிக் குடுத்தேனே, எங்கேண்ணே வாங்கினன்னுகூட கேட்டியே.

வீட்டுக்குப் போனா துணிய எடுத்துட்டு அத அவுத்துக் கொண்டு வாம்மா. அதிகாரிகிட்ட நானே குடுத்துடறேன். நீயும் கூட வா. தனியாப் போகப் பயமா இருக்கு.