இரண்டு படுக்கை, ஒரு தாழ்ப்பாள்

நீண்ட தூரம் ரயிலில் போவதாக இருந்தால் கூபேதான் வசதி, சார். நிறையப் பேருக்கு இது தெரியாது. முதல் வகுப்பு ஏ.சி. என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் இரண்டு வகை இருக்கிறது. கேபின் என்றால் நான்கு படுக்கை. முன்பின் தெரியாத இரண்டு பேர் கூட வந்து உட்காருவார்கள். கூபே என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று, அவ்வளவுதான். இழுத்துச் சாத்துகிற கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். கணவன் மனைவி போவதற்கு அதைவிட மரியாதையான இடம் ரயிலில் கிடையாது.

ஆனால் கேட்டவுடன் கிடைத்துவிடாது. டிக்கெட் எடுக்கும்போது படுக்கை எண் தரமாட்டார்கள். வண்டி புறப்படுவதற்கு முன் சார்ட் போடும்போதுதான் யாருக்கு எது என்று முடிவாகும். அதனால் நான் முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி, வேளாவேளைக்கு வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர், மறைவு தேவை, தயவுசெய்து கூபே ஒதுக்க வேண்டும் என்று. அதன் நகல் உங்கள் மேசையில் இருப்பதைப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையதுதான். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் கோதண்டபாணி. திண்டிவனத்தில் மல்லாட்டை உருண்டைக் கடை, அதாவது வேர்க்கடலை உருண்டைக் கடை, வைத்திருக்கிறேன். மல்லாட்டையை வறுத்து, தோல் புடைத்து, வெல்லப் பாகில் நானே பிடிக்கிறேன். என் மனைவி அருணா விழுப்புரத்தில் அரசுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பதினாறு வருஷமாகக் காலை பாசஞ்சரில் போய், சாயங்கால பாசஞ்சரில் திரும்பினாள். போன மே மாதம் ஆக்ராவுக்குப் போகிற வழியில், ரயிலில், அந்தக் கூபேயில் இறந்துபோனாள். தூக்கத்தில் போய்விட்டாள் என்று நான் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அவளோடு அதே பாசஞ்சரில் போய்வருகிற, மின்வாரியத்தில் வேலை பார்க்கும் தென்னரசு மட்டும் நம்பாமல், விழுப்புரம் ரயில்வே போலீசில், உங்களிடம் மனு கொடுத்திருக்கிறார்.

நான் அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் சம்பளம் என்ன என்று கேட்டதில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு போனால் ஏன் என்று கேட்டதில்லை. மனசுக்குள் கேட்டுக்கொள்வேன், அது வேறு விஷயம். வீட்டில் என்னோடு அவள் பேசுவதெல்லாம் பால், கேஸ், துவைத்த துணி. நான்தான் அதிகம் பேசாதவன் என்று அவள் சொல்வாள். இருக்கலாம். ஆனால் அந்தப் பாசஞ்சர் பெட்டியில் அவள் எப்படி இருப்பாள் என்று நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஆயுத பூசை லீவுக்கு முந்தின நாள் சீசன் டிக்கெட்காரர்கள் எல்லாம் சேர்ந்து அவர்கள் பெட்டிக்குப் பூசை போடுவார்கள். வாசலில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், சன்னல் கம்பிக்கெல்லாம் சந்தனம் குங்குமம், பொரி, சுண்டல். வருஷா வருஷம் அருணா கூப்பிடுவாள். போன வருஷம்தான் கடையை அரை நாள் சாத்திவிட்டுப் போனேன். ஏறினதும் தெரிந்தது, அங்கே அவளுக்கென்று ஒரு சன்னலோரம் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு கைக்குட்டை விரித்திருந்தது. "வாங்க மேடம்" என்று ஒருவர் அதை எடுத்து மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அவர்தான் தென்னரசு. அருணா உட்கார்ந்தாள். உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தாள், சார். தொண்டை தெரியச் சிரித்தாள். இந்தச் சிரிப்பு இத்தனை வருஷம் எங்கே இருந்தது என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஆளை எனக்கு ஏற்கெனவே தெரியும். திங்கட்கிழமை தவறாமல் என் கடைக்கு வந்து ஒரு பொட்டலம் உருண்டை வாங்கிக்கொண்டு போவார். பாகு நல்ல பதம், பல்லில் ஒட்டவில்லை என்பார். வாடிக்கைக்காரர் என்று நானும் ஒன்று கூடப் போட்டுக் கொடுப்பேன். ஐம்பத்தாறு வயசு, வழுக்கை, குள்ளம். ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டார். பார்த்தால் யாரும் பொறாமைப்படுகிற ஆளே இல்லை.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிற சவுரியம்மாள் என் பக்கத்தில் சுண்டல் கொடுக்க வந்தாள். வெள்ளை மனசுக்காரி. எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சொன்னாள்.

"அன்னிக்கு மட்டும் தென்னரசு சார் இல்லன்னா பெரிய பேஜாரா பூட்டிருக்கும்ண்ணே. பேரணி ஸ்டேஷன் தாண்டசொல்ல டீச்சருக்கு வேர்த்துக் கொட்டிக்கினு கண்ணு சொருவிடுச்சு. சுகர் எறங்கிப் போச்சு. நான் நர்சுதான், ஆனா கையில ஒண்ணும் இல்ல. அவருதான் ஜல்தியா பாக்கெட்டுலேருந்து ஒரு மல்லாட்டை உருண்டைய எடுத்து, தூளாக்கி வாயில வெச்சாரு. விக்கிரவாண்டி வர்றதுக்குள்ள எழுந்து குந்திக்கினாங்க. அதுலேருந்து அவரு பாக்கெட்டுல எப்பவும் வெச்சிக்கினுதான் வர்றாரு."

என் கடை உருண்டை. என் கையால் பிடித்தது. வாரா வாரம் நானே பொட்டலம் கட்டிக் கொடுத்தது. அதை ஒருவன் என் மனைவியின் வாயில் வைத்திருக்கிறான். அவள் உதட்டில் அவன் விரல் பட்டிருக்கும். எனக்கு வயிறு எரிந்தது, சார். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். மறைக்க என்ன இருக்கிறது?

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இவ்ளோ நடந்திருக்குது, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொன்னா வேலைய விட்டுட்டு வூட்டுல குந்துன்னு சொல்லுவீங்க. அதான்."

நியாயமாகப் பார்த்தால் அவள் சொன்னது சரி. நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் தன் உயிர் போய் வந்த சங்கதியை ஒரு மனைவி தன் புருஷனிடம் மறைத்து வைக்கலாமா? ஒரு தடவை என்னிடம் கேட்டிருந்தால் கடையையே தூக்கி அவள் மடியில் கொட்டியிருக்க மாட்டேனா? அவள் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. அதுதான் என் குறை.

ஏப்ரலில் அந்தக் கூட்டம் ஆக்ரா போக முடிவு செய்தது. "எட்டு பர்த்தும் ஒரே எடத்துல கெடைக்குதாம்ங்க. நீங்களும் வாங்க. பேசிக்கினே போலாம்" என்றாள் அருணா. எட்டுப் பேர். மூன்றடுக்குப் படுக்கை. எதிர்ப் படுக்கையில் அவன் படுத்திருப்பான். நடுவில் ஒரு முழம் இடம், திரை கிடையாது. அவன் குறட்டையைக் கேட்டுக்கொண்டு என் மனைவி தூங்குவதா? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சொன்னேன். "அதே வண்டியில போவலாம். அவங்க அவங்க பெட்டியில வரட்டும். நாம ரெண்டு பேரும் கூபேல போவலாம்."

அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். முகம் சிவந்துபோய், "கல்யாணம் ஆயி இருவது வருசத்துல இப்பதான் தனியா கூட்டிக்கினு போவணும்னு தோணிச்சா?" என்றாள். அடுத்த நாள் புதுத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். ரயிலிலேயே தலையணை தருவார்கள் என்று சொன்னேன். பரவாயில்லை என்றாள்.

கிளம்புகிற அன்று அவள் கைப்பையிலிருந்து குளுக்கோஸ் டப்பாவை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தது நான்தான். இது மனுவில் இல்லை, நானே சொல்கிறேன். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் இந்த முறையாவது என்னைக் கேட்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

சென்னையில் ஏறினோம். கூபே நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. கண்ணாடி, சின்ன மேசை, வெள்ளை விரிப்பு. அருணா சுற்றிச் சுற்றிப் பார்த்து, தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்தாள். மறுநாள் காலையில் எழுந்து கைப்பையைக் குடைந்தாள். டப்பாவைக் காணோம். மறந்து வைத்திருப்பாய் என்றேன். நம்பினாள். நம்பிவிட்டு, தின்பண்டப் பையிலிருந்து நம் கடை உருண்டை இரண்டை எடுத்து என் சட்டைப் பாக்கெட்டில் போட்டு, மேலே தட்டிக் கொடுத்தாள்.

"பத்திரமா வெச்சிக்கோங்க. இனிமே தென்னரசு சார் வேலைய நீங்கதான் பாக்கணும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த ரயில் பெட்டிச் சிரிப்புதான். இருபது வருஷம் புருஷனாக இருந்துவிட்டு, இப்போது அவன் வேலைக்கு என்னைப் போடுகிறாள். உங்களுக்கு எப்படி இருக்கும், சார்? தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து மீதி உருண்டை இருந்த பையை எடுத்து மேல் படுக்கையில், சுவரோரமாகத் தள்ளி வைத்தேன். அவளுக்கு அங்கே கை எட்டாது.

மத்தியானச் சாப்பாடு வரவில்லை என்று அவள் இறந்த அன்று போலீசில் எழுதிக் கொடுத்தேன். அது சரியில்லை, மாற்றிக்கொள்ளுங்கள். அருணா முகம் கழுவப் போயிருந்த நேரத்தில் சாப்பாடு கேட்டுக்கொண்டு ஆள் வந்தார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவன் நான்.

தென்னரசு மனுவில் எழுதியிருக்கிறாரே, மேடம் தட்டைக் கண்ணால் பார்க்காமல் ஊசி போட மாட்டார் என்று. உண்மைதான், ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். அதுகூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். பன்னிரண்டரைக்கு அவள் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, "சாப்பாடு சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"பக்கத்துப் பெட்டி வரைக்கும் வந்துட்டாங்க. நானே பாத்தேன். நீ போட்டுக்க."

போட்டுக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டு அவர்கள் பெட்டிக்குப் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வரலாம் என்றாள். போகலாம் என்றேன். சன்னல் வழியாகக் காய்ந்த பருத்திக் காடு போய்க்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு அவளுக்குக் கை நடுங்கியது. நெற்றியில் வேர்த்தது. சாப்பாட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். நான் எழுந்துபோய் நடைவழியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, இதோ வருகிறார் என்றேன். அவள் நாக்கு குழறத் தொடங்கியது. அபாயச் சங்கிலி என் தலைக்கு மேலே சிவப்பாகத் தொங்கியது. அதை இழுப்பதற்கெல்லாம் என்ன அவசரம், என் பாக்கெட்டில்தான் இரண்டு இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது கதவைத் தட்டினார்கள். ஒரு சாண் திறந்தேன். தென்னரசு. ஒன்பது பெட்டி நடந்து வந்திருக்கிறான். கையில் என் கடைப் பொட்டலம்.

"மேடம் சாப்ட்டாங்களா சார்? இந்த வண்டியில சாப்பாடு லேட்டாவுதுன்னு சொன்னாங்க. கையில இருக்கட்டும்னு கொண்ணாந்தேன்."

"சாப்ட்டுட்டுத் தூங்குறா. அப்புறம் வாங்க."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அப்போது எனக்குப் பின்னால் அருணா ஏதோ சொன்னாள். வண்டிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அவள் அவனைத்தான் கூப்பிடுவாள் என்று நான் காத்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் குரல் கேட்கிறது, அவன்தான் ஒரு முறை காப்பாற்றினவன், யாராக இருந்தாலும் அவனைத்தானே கூப்பிடுவார்கள்? அவள் மட்டும் அன்றைக்கு அவன் பெயரைச் சொல்லியிருந்தால் நான் கதவை அகலத் திறந்துவிட்டு, இவளைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லியிருப்பேன். அது என் முடிவு.

அவள் அவனைக் கூப்பிடவில்லை.

நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கை மெதுவாக மேலே வந்து என் சட்டைப் பாக்கெட்டைத் தடவியது. அந்தக் கையை எடுத்து என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன். குளிர்ந்துபோய் ஈரமாக இருந்தது. முதலில் இழுத்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். இருபது வருஷத்தில் அவ்வளவு நேரம் அவள் என்னிடம் கை கொடுத்து உட்கார்ந்ததில்லை. அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. சாயங்காலம் வரைக்கும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாக்கெட்டில் இருந்த இரண்டு உருண்டையும் உடம்புச் சூட்டில் உருகிச் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சட்டை வீட்டில்தான் இருக்கிறது, துவைக்கவில்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

நான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கதவுக்கு வெளியே நின்றவன் மனு கொடுத்தான் என்பதற்காக இந்த வழக்கு அவன் கதையாக ஆகிவிடக் கூடாது. உள்ளே இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். கடைசியில் அவள் என்ன சொன்னாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். "என்னங்க" என்றாள். அவ்வளவு பேர் இருந்த வண்டியில், அவள் கூப்பிட்டது என்னைத்தான்.