நான்கிலிருந்து ஐந்து வரை

விடியற்காலை இரண்டு ஐம்பது. ஊழியர் குடியிருப்பிலிருந்து கல்லூரிச் சிற்றாலயத்துக்குப் போகிற பாதை... ஒரு பக்கம் ஆய்வகத்தின் நீளச் சுவர், இன்னொரு பக்கம் மரங்கள். நடுவில் ஒரே ஒரு விளக்குக் கம்பம், அதுவும் தனக்குத் தோன்றினால் எரியும், இல்லாவிட்டால் இல்லை. அந்தப் பாதையில் ஒரு பெண் கையில் டார்ச்சோடு தனியாக நடந்துகொண்டிருக்கிறாள்.

நம் நண்பன் ஒருவனின் சித்தி அவள். அவன் வாயால் சொன்ன கதைதான் இது. பொய் சொல்கிற ஆளில்லை அவன். கோவையாக ஒரு பொய் சொல்லும் அளவுக்கு அவனுக்கு மூளையும் கிடையாது. அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள்... நடுவில் யாரும் தண்ணீர் குடிக்கப் போகிறேன், வெளியே போகிறேன் என்று எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் நிறுத்திவிடுவேன்.

சித்திக்கு அந்தக் கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. சித்தப்பா அங்கேயே வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். எட்டு வயதில் ஒரே மகள். சின்னக் கிறிஸ்தவக் கல்லூரி, மொத்தமே முந்நூறு பிள்ளைகள். ஒருவருக்குத் தலைவலி என்றால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மறுநாள் காலை ஜெபத்தில் அந்தத் தலைவலிக்கும் ஒரு வரி இருக்கும். நல்ல மனிதர்கள்தான், என்ன செய்வது, கொஞ்சம் வாய் அதிகம்.

சித்தப்பா காய்ச்சலில் விழுந்தார். முதல் இரண்டு நாள் மாத்திரை. மூன்றாம் நாள் நினைவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே படுக்க வைத்துவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். "எங்க கையில இருக்கறத எல்லாம் செஞ்சாச்சும்மா" என்றார் டாக்டர். சித்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கல்லூரி சும்மா இருக்குமா? சங்கிலி ஜெபம் என்று அறிவித்துவிட்டார் போதகர். மூன்று நாள், இரவும் பகலும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஆள் சிற்றாலயத்தில் முழங்காலில் நிற்க வேண்டும். சங்கிலி அறுபடக் கூடாது. முன்பெல்லாம் ஆள் மாறும்போது பேச ஆரம்பித்து, ஜெபம் போய் அடுத்த வீட்டு மருமகள் கதை வந்துவிடுமாம். அதனால் பழைய முதல்வர் ஒருவர் கண்டிப்பாக ஒரு முறை வகுத்திருந்தார். வருகிறவர் பின்னால் நின்று தோளைத் தொட வேண்டும். தொடப்பட்டவர் எழுந்து, பேசாமல், திரும்பிப் பார்க்காமல், பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட வேண்டும். வந்தவர் அந்த இடத்தில் மண்டியிடுவார். தோளில் கை படும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அந்த ஊழியர் குடியிருப்பில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

யார் எந்த நேரம் என்ற பட்டியலை டைப் செய்தது சித்திதான். அழுதுகொண்டே செய்தாள். போன தடவைப் பட்டியல் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒவ்வொருவருக்கும் வழக்கமான நேரம் ஒன்று உண்டு, அது மாறாது. அவள் தேதியை மாற்றினாள், யாருக்காக என்ற வரியில் புருஷன் பெயரைப் போட்டாள். அச்செடுத்தாள். ஒட்டினாள். மூன்றிலிருந்து நான்கு, எப்போதும்போல அவளுடைய நேரம்.

அதனால்தான் மகளைப் பக்கத்து வீட்டில் தூங்க வைத்துவிட்டு அந்தப் பாதையில் நடந்தாள். சிற்றாலயத்துக்குள் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அதுவரை நின்ற நூலகர் அம்மாவின் தோளைத் தொட்டாள். அந்த அம்மா எழுந்து போய்விட்டார். சித்தி மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். என்ன கேட்டிருப்பாள்? அவரைக் கொடுத்துவிடும் ஆண்டவரே, வேறு ஒன்றும் வேண்டாம்... இதையேதான் ஒரு மணி நேரமும்.

நான்கு மணிக்குத் தோளில் கை விழுந்தது.

கனமான கை. ஆண் கை. உள்ளங்கை காய்த்துப்போய் முரடாக இருந்தது ரவிக்கைத் துணிக்கு மேலேயே தெரிந்தது. ஒரு வாடையும் வந்தது... நனைந்து, காயாமல் கிடக்கிற கயிற்றின் வாடை. அவள் முறைப்படி எழுந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை, பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். பின்னால் முழங்கால் பலகை க்ரீச் என்று ஒரு தடவை முனகியது. யாரோ மண்டியிட்டுவிட்டார்.

விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து போன். நான்கு மணிக்கு மேல் காய்ச்சல் இறங்க ஆரம்பித்திருக்கிறதாம். சித்தி போனைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பத்து மணிக்குக் கணக்கு சார் அலுவலகத்துக்கு வந்தார். அவருடையது ஐந்து மணி.

"ஏம்மா, நாலு மணிக்கு யாரப் போட்டிருக்க? நான் வந்தப்போ ஆளே இல்ல. மெழுகுவர்த்தி மட்டும் எரியுது. தொடறதுக்குத் தோள் இல்லையேன்னு சும்மா போய் மண்டி போட்டேன்."

"இல்ல சார், வந்தாங்களே. என் தோளத் தொட்டாங்களே."

பட்டியலை எடுத்துப் பார்த்தாள். நான்கிலிருந்து ஐந்து வரை... மணியடிக்கிற பெரியவர்.

அவர் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இரங்கல் அறிக்கையை டைப் செய்ததே அவள்தான். முப்பது வருடம் ஐந்து மணிக்கு ஆலய மணி அடித்தவர். அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து ஜெபத்தில் நின்றுவிடுவார், அதனால் நான்கு மணி என்றால் அவர்தான். பழைய பட்டியலில் இருந்த பெயர் அப்படியே வந்துவிட்டது. அவளும் கவனிக்கவில்லை, அறிவிப்புப் பலகையில் பார்த்த நூறு பேரும் கவனிக்கவில்லை. பழகின பெயர், கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

போதகரிடம் ஓடினாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "யாராவது பையன் பேரு குடுக்காம வந்து நின்னிருப்பான்மா. நல்லதாத்தானே நடந்திருக்கு. மனசப் போட்டுக் குழப்பிக்காத" என்றார்.

நல்லதுதான் நடந்திருந்தது, அதுதான் சிக்கல். பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தாள். காய்ச்சல் இறங்கினது நினைவுக்கு வந்தது. மூடி வைத்துவிட்டாள். நீங்களாக இருந்தால் மட்டும் அடித்திருப்பீர்களா?

இரண்டாம் இரவும் நான்கு மணிக்கு அதே கை. அதே வாடை. அவள் எழுந்து போனாள். மறுநாள் காய்ச்சல் இன்னும் குறைந்திருந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்குக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறாள். சித்தப்பா கண் மூடித்தான் படுத்திருந்தார். ஆனால் வலது கை... போர்வையின் ஒரு முனையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது. கீழே இழுத்தது. விட்டது. இழுத்தது. விட்டது. நிதானமாக, ஒரே கணக்காக.

"இன்னிக்கு விடியக்காலையில இருந்து இப்படித்தான் பண்றாரு. அவுத்து விட்டா திரும்பச் சுத்திக்கறாரு" என்றாள் நர்ஸ்.

சித்தப்பா பிறந்ததிலிருந்து ஆலய மணிக் கயிற்றைத் தொட்டதில்லை. அப்படி இரண்டு சுற்றுச் சுற்றி இழுக்கிறவர் ஒரே ஒருவர்தான்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பட்டியலை மாற்றினாள். பெரியவர் பெயரை எடுத்தாள். மூன்றிலிருந்து ஐந்து வரை தன் பெயரையே போட்டாள். புதிய தாளை ஒட்டினாள், பழையதைக் கிழித்து அடுப்பில் போட்டாள். இடத்தை விட்டால்தானே அந்த ஆள் வந்து நிற்பார். விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

மூன்றாம் இரவு. அன்று காற்றே இல்லை. மெழுகுவர்த்தி ஆடாமல் எரிந்தது. நான்கு அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போதே அந்த ஈரக் கயிற்று வாடை வந்துவிட்டது...

தோளில் கை விழுந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து, மறுபடியும். மெதுவாகத்தான். மரியாதையாகத்தான். ஒரு பெரிய மனிதர் ஒரு பெண்பிள்ளையை எழுப்புகிற மாதிரி. அவள் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நகம் மரத்தில் பதிந்தது. ஜெபம் ஒரு வார்த்தை வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

மூன்றாம் தடவை கை விழவில்லை. நின்றுகொண்டே இருந்தார். மூச்சுச் சத்தம் கேட்கவில்லை, அது இருந்திருந்தாலாவது தேவலை. பிறகு செருப்பில்லாத கால்கள் நடந்துபோகிற சத்தம். பக்கவாட்டுக் கதவுக்கு இல்லை... முன்வாசலுக்கு. வெளியே, சரளைக் கல்லில் சரக் சரக் என்று பாதையில் இறங்கி, பெரிய சாலைப் பக்கம் போய்க் குறைந்தது. பெரிய சாலையில்தான் ஆஸ்பத்திரி இருக்கிறது. அது அவளுக்கு உறைத்தபோது எழுந்து ஓடத்தான் நினைத்தாள். கால் மரத்துப்போய் இருந்தது, எழுந்த வேகத்தில் விழுந்தாள்.

கணக்கு சார் ஐந்து மணிக்கு வந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தார். அதே நேரம் அவள் செல்போன் அடித்தது. அந்த நர்ஸ்தான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அக்கா, அண்ணன் எந்திரிச்சு உக்காந்துட்டாரு. காய்ச்சல் சுத்தமா இல்ல. நாலேகால் இருக்கும், யாரோ தட்டி எழுப்பின மாதிரி தோளத் திருப்பினாரு. கண்ணத் திறக்காமலே 'சரி, நான் போறேன்'னாரு. பயந்தே போயிட்டேன் நான். அப்புறம் பாத்தா ஒரு நிமிஷத்துல கண்ண முழிச்சுட்டாரு."

சித்தப்பாவும் இருபது வருடம் அந்தக் கல்லூரியில் இருந்தவர். தோளில் கை பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தார். கல்லூரியே வாசலில் நின்று பாட்டுப் பாடி வரவேற்றது. ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். சித்தியை மேடையேற்றி, ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். முந்நூறு முகம் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது, கண்ணில் நீரோடு. என்ன சொல்வாள்? "எல்லாருக்கும் நன்றி" என்றாள். இறங்கிவிட்டாள்.

பதினோரு வருடமாக அவளை "ஏய் வாயாடி" என்று கூப்பிட்ட மனிதர். வீட்டுக்குள் வந்து நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து, "உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன்மா" என்றார். நீங்கள், வாங்கள், போங்கள்... கட்டின பெண்டாட்டியிடம். மகளைப் பார்த்து "பாப்பா எத்தனாவது படிக்குது?" என்றார். டாக்டரிடம் கேட்டதற்கு, "இவ்வளவு காய்ச்சல் வந்தா ஞாபகம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். போகப் போகச் சரியாயிடும்" என்றார். அக்கம்பக்கமும் அதைத்தான் சொன்னது. ஆள் உயிரோடு வந்ததே பெரிது, இதற்கு மேல் என்ன குறை உனக்கு என்றார்கள். வாஸ்தவம்தான். யாரிடம் போய் என்னவென்று சொல்ல முடியும்? போதகரிடம் சொன்னால் ஜெபிக்கலாம் என்பார்.

ஆய்வகத்தில் எந்தப் புட்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அமிலத்தைக் கையால் எடுக்கப் போனார். விடுப்பில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

இரவு ஒன்பதுக்கே படுத்துவிடுவார். நான்கு மணிக்குக் கட்டிலை விட்டு இறங்குவார். சுவரைப் பார்த்து, சித்திக்கும் மகளுக்கும் முதுகு காட்டி மண்டியிடுவார். அந்த ஈர வாடை அறை முழுக்கப் பரவும். முதல் நாள் சித்தி போர்வைக்குள் கிடந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், அவர் திரும்பாமலே கேட்டார்.

"அஞ்சு மணிக்கு யாரம்மா போட்டிருக்கீங்க?"

ஐந்து அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பார்? விடிந்து வெயில் வந்த பிறகும் அப்படியே நின்றார். பெருமூச்சு மட்டும் விட்டார்.

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். சித்தி கட்டிலில் கிடந்து யோசிப்பாள். தான் போய்த் தொட்டால் இவர் எழுந்து போவார். இவர் நின்ற இடத்தில் அவள் நிற்க வேண்டும். போன புருஷன் திரும்பி வருவாரா? வருவார் என்று தெரிந்தால் அந்த நிமிடமே தொட்டிருப்பாள். அதை யாரும் சொல்லவில்லை. ஆண்டவரும் சொல்லவில்லை. ஒன்பது இரவு, கையை நீட்டவும் முடியாமல், நீட்டாமல் இருக்கவும் முடியாமல் கிடந்தாள்.

பத்தாம் இரவு அவர் கேட்டபோது குரலில் அழுகை இருந்தது. உண்மையான அழுகை, அலுத்துப்போன ஒரு கிழவரின் அழுகை.

"அஞ்சு மணிக்கு... யாரையாவது போடுங்கம்மா."

பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மகள் புரண்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அப்பா அழுதால் எந்தக் குழந்தைக்குத் தாங்கும்?

"நான் வரேன்பா" என்றாள்.

சித்தி அவளை எட்டிப் பிடிப்பதற்குள் குழந்தை கட்டிலை விட்டு இறங்கிவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முறை அப்படி. தோளை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார், சின்னக் கைக்கு எட்டுகிற அளவுக்கு.