சமரசத்துக்கு ஒரே அறை

எனக்குக் காபி வேண்டாம், இன்ஸ்பெக்டர் மேடம். மற்றபடி எதைக் கேட்டாலும் சொல்கிறேன்.

ஸ்ரீ சிட்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் மனிதவள மேலாளர். பாலியல் தொல்லைச் சட்டம் பெண்களை மட்டும்தான் காக்கிறது என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல். அதனால் எங்கள் கம்பெனி விதிகளில் ஆண், பெண் என்ற பேதத்தையே எடுத்துவிட்டேன். திருப்பதியில் விழா வைத்துச் சால்வை போட்டார்கள். நான் பேசும்போது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவருக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது என்று பிறகு தெரிந்தது.

அந்த விதியை நம்பி முதலில் வந்தவன் தரணி. பிச்சாட்டூர்ப் பையன், மெஷின் ஆபரேட்டர். ஷிப்ட் இன்சார்ஜ் ஜெயச்சந்திரன் உடை மாற்றும் அறைக்குத் தன் பின்னாலேயே வருகிறார், மேலே கை வைக்கிறார் என்றான். விசாரணைக் குழுத் தலைவி ஷோபா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஏம்பா, மீசைய வெச்சிக்கினு இத வந்து சொல்றியே, வெக்கமா இல்ல? உதறிட்டுப் போவ வேண்டியதுதான."

"உதறனேன் மேடம். அதுலேர்ந்து அவரு ஷிப்டுலயே என்னப் போட்டுக்கினு கீறாரு. ஆம்பளயும் சொல்லலாம்னு சார்தான மீட்டிங்ல சொன்னாரு."

சொன்னது உண்மைதான். அதை ஒருவன் நம்புவான் என்று எதிர்பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் பங்காளிச் சண்டையானாலும் மலையேறிப் பெருமாள் முன்னால் சத்தியம் செய்தால் தீர்ந்தது. அதையே கம்பெனியின் சமரச முறையாக வைத்தேன். இருவரும் ஒரே காரில் திருப்பதி போக வேண்டும், சேர்ந்து மொட்டை போட வேண்டும், லட்டோடு திரும்ப வேண்டும். இரவு தங்க அடிவாரத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன்.

போய்ச் சேர்ந்ததும் தரணி போன் செய்தான்.

"சார், ஒரே ரூமு, ஒரே கட்டிலு கீது. நான் கார்லயே படுத்துக்கறேன் சார்."

மேலதிகாரியை அவமதிக்காதே, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படு என்றேன். டிரைவரைக் கூப்பிட்டுக் காரைப் பூட்டிக்கொண்டு போகச் சொன்னேன்.

மறுநாள் ஜெயச்சந்திரன் மட்டும் மொட்டைத் தலையோடும் லட்டோடும் வந்தார். தரணியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக விடுதிக்காரர் போனில் சொன்னார். புகார் சமரசத்தில் முடிந்தது என்று அறிவித்துவிட்டு, லட்டைக் குழுவினருக்குச் சமமாகப் பங்கிட்டேன்.

ஜெயச்சந்திரன் எப்படிப்பட்டவர் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். போன வருஷம் சீனு என்ற பையன் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனபோதே தெரியும். அதற்காக என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள், மேடம். தரணி பெண்ணாக இருந்திருந்தால் இரண்டு அறை எடுத்திருப்பேன். அவ்வளவு விவரம் எனக்கு உண்டு.